7 + □ = 12: கட்டத்தில் ஏன் 19 வருகிறது?

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. 7 + 5 கேட்டால் பட்டென்று 12 என்கிறாள். 7 + □ = 12 என்று கொடுத்தால் கட்டத்துக்குள் 19 எழுதுகிறாள். எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஏழையும் பன்னிரண்டையும் கூட்டினால் 19தான், கூட்டியதில் தப்பில்லை. இதுவரை போட்ட கணக்கிலெல்லாம் '=' வந்தால் அடுத்து விடை எழுது என்றுதான் அவளுக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதே அந்தக் குறியின் பொருள். 1557இல் அதை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் அந்த வடிவத்தைப் பிடித்தார்.

பென்சிலைக் கொஞ்ச நாள் ஓரம் வையுங்கள். 12 புளியங்கொட்டையை அவளையே எண்ணச் சொல்லுங்கள். ஏழை வெளியே விட்டுவிட்டு, மீதியை டம்ளரால் மூடுங்கள். 'உள்ளே எத்தனை?' ஏழை மனத்தில் வைத்து எட்டு, ஒன்பது என்று விரல் நீட்டுவாள். சில பிள்ளைகள் ஏழுக்கும் ஒரு விரல் நீட்டி 6 என்பார்கள். திருத்த வேண்டாம், டம்ளரை அவளே தூக்கிப் பார்க்கட்டும். அந்த டம்ளர்தான் கட்டம் என்று அப்புறம் சொன்னால் போதும்.

கழித்தலுக்குக் கதைதான் கைகொடுக்கும். □ − 4 = 6: பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள், ஆறு பேர் மிச்சம், முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்?

'கூட்டல் இருந்தால் கழி, கழித்தல் இருந்தால் கூட்டு' என்ற குறுக்குவழியை மட்டும் சொல்லித் தராதீர்கள். 15 − □ = 9 வந்தால் பிள்ளை கூட்டி 24 எழுதும். எந்த விடையானாலும் கட்டத்தில் போட்டு முழுசாக வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'பதினைந்தில் இருபத்துநாலு போனால்...' என்று வாசிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இதெல்லாம் பழகியதும் 8 + 4 = □ + 5 கொடுங்கள். அமெரிக்காவில் ஒரு ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேருமே இதற்கு 12 அல்லது 17 என்றுதான் எழுதினார்கள். அதனால் உங்கள் மகள் தடுமாறினால் பதற வேண்டாம். இரண்டு தட்டு எடுங்கள். ஒன்றில் எட்டும் நாலும், இன்னொன்றில் ஐந்தும் கவிழ்த்த டம்ளரும். இரண்டு தட்டிலும் ஒரே எண்ணிக்கை வர டம்ளருக்குள் எத்தனை கொட்டை வேண்டும் என்று கேளுங்கள்.