வாங்கும் முன் கேளுங்கள்: சொந்தப் பாட்டும் சொந்தக் காசும்

கேள்வி: வீட்டில் பாட்டு பதிவு செய்ய கண்டன்சர் மைக் வாங்கினேன். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகினால் சத்தமே இல்லை. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: மைக் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். கண்டன்சர் மைக் ஓடப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகப் போக வேண்டும். ஃபாண்டம் பவர் என்பது இதுதான். லேப்டாப்பின் அந்தச் சின்னத் துளையிலிருந்து அது கிடைக்காது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி ஒன்றை வாங்கி, 48 என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். 'கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் குரைப்பது பதிவில் விழுகிறது. சுவரில் ஒட்டும் ஃபோம் எத்தனை வாங்கலாம்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தை நிறுத்தாது. 'சவுண்ட் ப்ரூஃப்' என்று அட்டையில் அச்சிட்டிருந்ததை நம்பி நானும் ஒரு பெட்டி வாங்கி ஒட்டினேன். மெல்லிசு ஃபோம், குரலின் மேல்ஸ்தாயியை மட்டும் உறிஞ்சிக்கொண்டது. கீழ்ஸ்தாயி அப்படியே முழங்க, பதிவான குரல் மூக்கடைத்தது போல் இருந்தது. பிய்த்தபோது பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது. கனமான போர்வையை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் வகை மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள். நாய் முழுதாக மறையாது, ஆனால் நன்றாக அமுங்கும்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில்தான் தரம் வருமா?

பதில்: இல்லை, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் முதலில் ஒரு பாட்டை முடியுங்கள்.

கேள்வி: 'பத்தாயிரம் ஸ்ட்ரீம் உறுதி', அதாவது இணையத்தில் பாட்டைப் பத்தாயிரம் முறை கேட்பார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டினேன். எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அப்புறம் ஸ்பாட்டிஃபையிலிருந்து பாட்டையே எடுத்துவிட்டார்கள். பாட்டை அங்கே ஏற்றித் தந்த விநியோக நிறுவனம் அபராதமும் பிடித்துக்கொண்டது. நான் செய்த தப்பு என்ன?

பதில்: நம்பியதுதான். அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராப்பகலாக உழைத்து முடித்த பாட்டை நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? அந்த ஆசையைக் குறிவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது வராத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. புதியவர்களுக்கு அதனால் வரும் பதற்றம் இந்த ஆட்களுக்கு நல்ல முதலாகிவிட்டது.

அவர்கள் விற்பது கேட்பவர்களை அல்ல. பாட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கிக் கணக்குகளை. அது அப்பட்டமாகத் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனத்திடம் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் வாங்குகிறது. நிறுவனம் அதை உங்கள் தலையில் கட்டுகிறது. விற்றவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: ரசீதையும் அவர்களோடு நடந்த பேச்சையும் விநியோக நிறுவனத்துக்கு அனுப்பி, நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் புகார் கொடுங்கள். 'எடுத்த பாட்டை மீட்டுத் தருகிறோம்' என்று அடுத்து ஒருவர் வருவார். அவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும் விலகிப் போங்கள். பிளேலிஸ்ட்டில் காசுக்கு இடம் வாங்குவது ஸ்பாட்டிஃபை விதிக்கே விரோதம். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு, வெளியாகாத பாட்டை அங்கே கலைஞர்களுக்கென்று இருக்கும் கணக்கு வழியாக நீங்களே இலவசமாக அனுப்பலாம். வெளியீட்டுக்கு 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேரும். அதே கணக்கில் எந்த ஊரில் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரே ஊரிலிருந்து கூட்டமாகக் கேட்டு, ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை என்றால் உடனே விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: இணையத்தில் பீட், அதாவது பாடுவதற்கான பின்னணி இசை வாங்கிப் பாடினேன். அதே பீட்டில் வேறொருவர் பாட்டு வந்துவிட்டது. விற்றவர் மேல் வழக்கு போடலாமா?

பதில்: ரசீதோடு வந்த லைசென்ஸைப் படித்தீர்களா? படித்ததாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் குத்தகைதான். அதே பீட்டை எத்தனை பேருக்கும் விற்கலாம் என்று அதிலேயே இருக்கும். இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்ற வரம்பும் பல நேரம் இருக்கும். தனி உரிமை வேண்டுமென்றால் அதற்கான விலை கொடுத்து எழுதி வாங்க வேண்டும். அப்போதும் முன்பே குத்தகை எடுத்தவர்களின் பாட்டு வழக்கமாக அப்படியே நிற்கும். பணம் கட்டும் முன் ஒரு பக்கம் படிக்கச் சோம்பினால் நான் என்ன செய்ய முடியும்?

கேள்வி: விநியோக நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பாட்டு போய்விடுமா?

பதில்: சில நிறுவனங்களில் போய்விடும். வேறு சில சந்தா கேட்காமல் வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். நிறுவனம் மாறுவதானால் பாட்டுப் பதிவின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி குறியீட்டை (எழுத்தும் எண்ணும் கலந்து 12 இருக்கும்) முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அதே குறியீட்டையும் அதே ஆடியோவையும் கொடுத்தால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு பெரும்பாலும் தொடரும். புதிய பதிப்பு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை நீக்கச் சொல்லுங்கள்.