பேச முடியாமல் போய்விட்டதா, பேசவில்லையா?

கேள்வி: எனக்கு 42 வயது. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தங்கைக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. அவளுக்கு வந்த வரன் எதுவும் அமையவில்லை. ஒன்று ஜாதகத்தில் நின்றுபோனது, இன்னொன்று பெண் பார்த்த பிறகு தட்டிப்போனது. நான் கடன் வாங்கி, வீடு கட்டி, கடந்த தை மாதம் குடிபுகுந்தேன். அந்த நேரத்தில் ஒரு வீட்டார் தாங்களாகவே போன் செய்து பெண் கேட்டார்கள். கிரகப்பிரவேச வேலையில் திருப்பிப் பேச முடியாமல் போய்விட்டது. ஒருவேளை அது முடிந்திருக்கலாம். எல்லாம் விதி. இப்போது தங்கை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'என் தலையெழுத்து' என்று அம்மா தினமும் அழுகிறார். விதியை ஏற்றுக்கொள்ளும்படி தங்கையிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள், தம்பி. அந்தச் சொல்லை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

இதே கடிதம் ஆண்டுக்கு நாலைந்து முறை எனக்கு வருகிறது. ஊர் மாறும், வயது மாறும், விதி மட்டும் தவறாமல் இருக்கும். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 'திருப்பிப் பேச முடியாமல் போய்விட்டது.'

அந்த வாரம் பந்தல்காரரிடம் பேசியிருப்பீர்கள். சமையல்காரரிடம் எத்தனை இலை என்று சொல்லியிருப்பீர்கள். ஐயரிடம் நேரம் கேட்டிருப்பீர்கள். பத்திரிகை அனுப்பிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டு 'அவசியம் வந்துவிடுங்கள்' என்றிருப்பீர்கள். இத்தனைக்கும் ஓய்வு இருந்த அதே கைப்பேசியில் ஓர் எண்ணை மட்டும் அழுத்த முடியாமல் போய்விட்டதா? சரி, கிரகப்பிரவேசம் ஒரு நாள். மறுநாள் என்ன வேலை? மாசி முழுவதும் என்ன வேலை?

உங்கள் வினைச்சொற்களை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கடன் வாங்கினேன், வீடு கட்டினேன், குடிபுகுந்தேன். வீட்டைப் பற்றி எழுதும்போது ஒவ்வொன்றிலும் 'நான்' இருக்கிறது. தங்கை விஷயம் வந்ததும் அமையவில்லை, நின்றுபோனது, தட்டிப்போனது, முடியாமல் போய்விட்டது. செய்தவர் யாரும் இல்லை, எல்லாம் தானாகவே நடந்துவிட்டது. வீட்டைக் கட்டியது உங்கள் கை. வரனைத் தவறவிட்டது மட்டும் விதியின் கையா?

விதி என்பதே ஒரு வினைச்சொல்தானே. நீதிபதி தண்டனை விதிக்கிறார், போக்குவரத்துக் காவலர் அபராதம் விதிக்கிறார். விதிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் போன் விஷயத்தில் விதித்தவர் யார் என்று தேடினால், உங்களைத் தவிர எனக்கு யாரும் தென்படவில்லை.

'என் தலையெழுத்து' என்று உங்கள் அம்மா அழுவது வேறு. நொந்துபோன ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது அந்தச் சொல் கொஞ்சம் பாரத்தை இறக்கி வைக்கும். அதையே அடுத்தவரைப் பார்த்து 'உன் தலையெழுத்து' என்றால் அது வசவு. உங்கள் பெயரை விட்டுவிட்டு 'அவள் விதி' என்பது கைகழுவல். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அவர் காதில் அப்படித்தான் விழும்.

என் பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள். மஞ்சள் பையில் மூன்று பேரின் ஜாதக நகல்களும் எப்போதும் இருக்கும். மடித்து மடித்து அந்தத் தாள்கள் மடிப்பில் கிழிந்து, பின்னால் வேறு தாள் ஒட்டியிருப்பார். பதில் வராத வீட்டுக்கு இரண்டாம் முறை கடிதம் போடுவார், மூன்றாம் முறை பஸ் ஏறி நேரிலேயே போய்விடுவார். நடுப்பெண்ணுக்கு நிச்சயம் வரை வந்த இடம் தட்டிப்போன அன்று திண்ணையில் உட்கார்ந்து 'விதி' என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் சொல்லலாம். மறுவாரம் மறுபடி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊழை விட வலியது எது என்று கேட்ட வள்ளுவர்தான் 618-ஆவது குறளில் 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்கிறார். பொறி என்பதற்கு அங்கே நல்லூழ் என்று பொருள் சொல்வார்கள். நல்லூழ் இல்லாதது பழியல்ல, 'ஆள்வினை இன்மை பழி', அதாவது முயற்சி இல்லாததுதான் பழி. உங்களுக்கு இதைவிடத் தெளிவாக நான் என்ன சொல்ல?

'ஒருவேளை முடிந்திருக்கலாம்' என்று எழுதினீர்களே, உங்கள் கடிதத்திலேயே உண்மையான சொல் அந்த 'இருக்கலாம்'தான். முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் சுண்டிய நாணயத்துக்குத்தான் பூவா தலையா. நீங்கள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, விழவில்லை என்கிறீர்கள்.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். முடியாது என்றால் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ அந்தப் பொறுப்பை வெளிப்படையாக ஒப்படைக்க வேண்டும். அல்லது சம்பாதிக்கிற பெண், அந்த எண்ணை அவரிடமே கொடுத்திருக்கலாம். போன் வந்ததையாவது சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல்யாணம் வேண்டுமா, எப்படிப்பட்டவர் வேண்டும் என்று அவரிடம் கேட்டதாகவும் இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு, அதையும் மதித்தாக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்து அந்தப் போனைப் பற்றிச் சொல்லுங்கள். 'பேச முடியாமல் போய்விட்டது' என்று சொல்லாதீர்கள். 'நான் பேசவில்லை' என்று சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அழுது முடித்த பிறகு, அந்த வீட்டாரை இப்போது கூப்பிடலாமா என்று அவரையே கேளுங்கள். சரி என்றால், அவர் எதிரிலேயே கூப்பிடுங்கள்.