ஐந்து வயது மகளோடு ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் டென்ட் போட்டுத் தங்கலாமா?

தம்பி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோவுக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலை கடைசியில் கடற்கரையோரம் இருக்கும் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் ஸ்டேட் பார்க்கில் இரண்டு ராத்திரி கேம்பிங் போக ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் டென்ட்டில் படுக்கலாமா, கரடி வருமா, பாத்ரூம் எப்படி, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கடலில் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவிக்கு இதில் மனசே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள்.

போங்கள். கண்டிப்பாகப் போங்கள். 16 வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறோம். அந்தப் பார்க்கில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை தங்கியிருப்போம். உங்கள் கேள்வியில் கரடி முதலில் வருகிறது, கடல் கடைசியில் வருகிறது. எனக்குக் கடல்தான் முதல் கவலை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். நடக்கப் பழகியதே மணலில்தான். அந்தத் தைரியத்தில் முதல் வருஷம் இங்கே தண்ணீரில் இறங்கினேன். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். முழங்கால் தண்ணீரில் இரண்டு நிமிஷம் நின்றதற்குள் கணுக்கால் எலும்புக்குள் வலி ஏறிவிட்டது. கோடையிலும் இந்தக் கடல் 12, 13 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். கோடை முழுக்க வடக்கிலிருந்து கரையோரமாகக் காற்று அடிக்கிறது. அது மேல் தண்ணீரைக் கரையை விட்டு வெளியே தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் சூடாகாததற்கு அதுதான் காரணம். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இந்தக் குளிரில் கையும் காலும் சீக்கிரம் சொன்னபடி கேட்காது.

இன்னொன்று, நான் என் கண்ணால் பார்த்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. காய்ந்த மணலில் ஒரு பெரிய மரத்தடி கிடந்தது, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் இந்த மாதிரித் தடிகள் இங்கே எல்லாக் கடற்கரையிலும் கிடக்கும். அதன்மேல் அவளை உட்காரவைத்துவிட்டுப் போட்டோ எடுக்கக் குனிந்தேன். அதுவரை அலை இருபது முப்பது அடி தள்ளியேதான் நின்றது. எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே ஒரு அலை மட்டும் ஏறி வந்தது. என் முழங்கால் அளவுகூட இல்லை, ஆனால் அந்தத் தடி தேங்காய் நெற்று மாதிரி மிதந்து உருள ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற மனைவி பிள்ளையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஒரு விநாடி தாமதித்திருந்தால் பிள்ளை தடிக்கு அடியில் போயிருப்பாள். இப்படி வரும் அலைக்கு இங்கே ஸ்னீக்கர் வேவ் என்று பெயர். ஓரிகன் கரையில் இதில் பலர் செத்திருக்கிறார்கள்.

ஆகவே கடலுக்கு முதுகு காட்டாதீர்கள், மரத்தடி மேல் பிள்ளையை ஏற்றாதீர்கள், ஈர மணலில் நடக்கும்போது அவள் கையை விடாதீர்கள். தண்ணீரில் விளையாடித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் பார்க்குக்குள்ளேயே காஃபன்பரி ஏரி இருக்கிறது. அலை இல்லாத நல்ல தண்ணீர், குளிப்பதற்கென்றே இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றிவர இரண்டு மைல் நடைபாதையும் உண்டு. எங்கள் மகள் நீந்தப் பழகியது அங்கேதான்.

இனி ராத்திரிக் குளிர். ஜூலையில் ஹில்ஸ்பரோவில் 35 டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டு சாமான் ஏற்றும்போது ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் தோன்றும். அங்கே போய்ச் சேர்ந்தால் பகலிலேயே 20 டிகிரிதான், விடியற்காலையில் 11, 12 வரை இறங்கும். எங்கள் முதல் கேம்பிங்கில் தடிமனான போர்வை நாலு கொண்டுபோனோம், அடியில் விரிக்க ஒரு ஜமுக்காளம் மட்டும். குளிர் மேலேயிருந்து வரும் என்று நினைத்தோம். அது தரையிலிருந்துதான் வந்தது. உடம்புச் சூட்டை ஈர மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு மகள் பல் கிட்டிப்போய் அழ, காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து விடியவைத்தோம். காசு செலவழிப்பதென்றால் டென்ட்டில் மிச்சம் பிடித்து, அடியில் விரிக்கும் மெத்தையில் செலவழியுங்கள். காற்று மட்டும் நிரப்பும் சாதாரண மெத்தை போதாது, உள்ளே ஃபோம் உள்ளதாகப் பாருங்கள். பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் இரண்டு ஜோடி. படுக்கிற உடை தனியாக, காய்ந்ததாக இருக்கட்டும். பகலெல்லாம் போட்ட உடையில் வியர்வையும் உப்புக் காற்றின் ஈரமும் இருக்கும், அதோடு படுத்தால் குளிர் விடாது.

ராத்திரியில் டென்ட் மேல் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்டால் மழை என்று எழுந்து பதறாதீர்கள். கடலிலிருந்து வரும் மூடுபனியை ஸ்ப்ரூஸ் மரங்கள் ஊசியிலைகளில் பிடித்து நீராக்கிக் கீழே விடுகின்றன. மரத்துக்குக் கீழிருந்து நாலடி வெளியே வந்து கையை நீட்டிப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. நிஜமான மழையும் வரலாம். பக்கத்து ஊர் அஸ்டோரியாவில் ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. பெரும்பகுதி குளிர்காலத்தில்தான் என்றாலும் ஒரு தார்ப்பாயும் கயிறும் வண்டியில் கிடக்கட்டும்.

இடம் எப்படியிருக்கும் என்றால், மணலில் டென்ட் அடிப்பதில்லை. பலரும் அப்படி நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மரங்களுக்கு நடுவே எண் போட்ட இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம், பக்கத்திலேயே குழாய். கடல் அங்கிருந்து சுமார் ஒரு மைல். மொத்தம் ஏறக்குறைய 500 இடம், அமெரிக்காவின் மிகப் பெரிய கேம்ப் கிரவுண்டுகளில் ஒன்று. அதனால் உங்கள் மனைவி பயப்படுகிற மாதிரி நடுக்காட்டுத் தனிமை கிடையாது. சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், பத்து மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது விதி. கழிவறை சுத்தமாக இருக்கும், ஃப்ளஷ் செய்யும் வசதிதான், வெந்நீர் ஷவரும் உண்டு. ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ராத்திரி பாத்ரூமுக்கு நடக்க நெற்றியில் கட்டும் டார்ச் ஆளுக்கொன்று.

கரடி இந்தக் கடலோர மலைத்தொடரில் உண்டு. ஆனால் இத்தனை தடவையில் அந்தப் பார்க்கில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. உண்மையான தொல்லை ராக்கூன் என்ற சின்ன விலங்கு. கூலர் பெட்டியின் மூடியை நம்மைவிட லாகவமாகத் திறக்கும். சாப்பாட்டுச் சாமான், பல்பொடி உட்பட, எல்லாம் காருக்குள் போய்க் கதவு பூட்டப்பட வேண்டும். டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். எல்க் கூட்டமும் வரும். நம் ஊர் மிளா மானை இன்னும் பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். அழகாக நின்று பார்க்கும், கிட்டே மட்டும் போகக் கூடாது.

சைவச் சாப்பாட்டுக்கு நீங்கள் கவலைப்படுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வழிநடைக்குக் கட்டுச்சோறு கட்டிப் பழகியவர்கள் நாம். முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் இருந்தால் சாதம் மட்டும் வடித்தால் போதும். தோசை மாவை வீட்டில் புளிக்கவைத்துவிட்டுக் கூலரில் ஐஸ் நடுவில் வையுங்கள். இரும்புக் கல்லைக் கேஸ் அடுப்பில் வைத்து விடியற்காலைக் குளிரில் ஒரு தோசை வார்த்துக் கொடுத்தால் உங்கள் ஆபீஸ் நண்பர்கள் தங்கள் பான்கேக்கை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடக்கிறது. டிகாக்ஷனை முதல் நாளே இறக்கிக் கொண்டுபோய்விடுங்கள். எதையாவது மறந்துவிட்டால் வாரண்டன் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய கடைகள் எல்லாம் உண்டு. மழை வந்தாலும் சரி, குளிர் தாங்காவிட்டாலும் சரி, அடுப்பையோ கரித் தணலையோ டென்ட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விறகு இங்கிருந்து ஏற்றிப் போக வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். 2022-இல் நம் பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் குரோவில் எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆஷ் மரங்களை நின்ற இடத்திலேயே கொல்லும் அந்தப் பூச்சி விறகுக்குள் ஒளிந்துதான் ஊர்விட்டு ஊர் போகிறது. நாம் குடியேறின மண், அதன் மரத்துக்கு நம்மால் கேடு வரக் கூடாது.

பார்க்க வேண்டியது என்று ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், பீட்டர் ஐர்டேல் கப்பல். 1906 அக்டோபர் 25 அன்று, கோதுமை ஏற்றிப் போக மெக்சிகோவிலிருந்து போர்ட்லண்டுக்கு வந்த நான்கு பாய்மர இரும்புக் கப்பல். மூடுபனியிலும் காற்றிலும் மாட்டி இந்த மணலில் தட்டி நின்றது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதன் முன்பக்கத்து எலும்புக்கூடு இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. கொலம்பியா ஆறு கடலில் விழும் அந்த முகத்தில் மட்டும் சுமார் 2,000 கப்பல், படகு உடைந்தோ மூழ்கியோ போயிருக்கும் என்கிறார்கள். கடல் இறங்கியிருக்கும் வற்றத்தில் போனால் கிட்டவே நடந்து போகலாம், கடல் ஏற்ற இறக்க நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருமுறை போனோம். விலா எலும்பு மாதிரி வளைந்த இரும்பு, அடிப்பாகம் முழுக்க ஒட்டுச் சிப்பி, மேலே துரு இதழ் இதழாக உரிந்து நின்றது. விரல் வைத்ததும் ஒரு இதழ் ஈர பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. உப்பும் இரும்பும் கலந்த அந்த வாடை எங்கள் ஊரில் கரையேற்றிப் போட்ட வள்ளங்களின் நங்கூரத்தில் அடிப்பது. அப்பா தோளில் கயிற்றுச் சுருளோடு நடந்துவருவது சட்டென்று கண்முன் வந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பக்கம் சில இடங்களில் மணலிலேயே கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள், பிள்ளை கவனம். ஓரிகனில் கடற்கரை முழுக்கப் பொதுமக்களுடையது. 1913-இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் கவர்னராக இருந்தபோது ஈர மணலைப் பொதுச் சாலை என்று சட்டமாக்கினார்கள். பிறகு கேனன் பீச்சில் ஒரு ஹோட்டல்காரர் காய்ந்த மணலில் வேலி போட்டு அடைக்க, அதன்மேல் எழுந்த சண்டையில் 1967-இல் புதர் வரை உள்ள காய்ந்த மணலிலும் மக்கள் நடக்க உரிமை உண்டு என்று பீச் பில் என்ற சட்டம் வந்தது. வந்து நான்கு மாதம் ஆன நீங்களும் யார் அனுமதியும் கேட்காமல் அங்கே உட்காரலாம்.

மகளுக்கு ஓடி விளையாட ரஸ்ஸல் பேட்டரி நல்ல இடம், பழைய பீரங்கித் தளம். அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில் தொடங்கி 1947 வரை இந்தப் பார்க் ராணுவக் கோட்டை. 1942 ஜூன் 21 இரவு ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் இதன்மேல் 17 குண்டு வீசியது. தங்கள் இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கோட்டைத் தளபதி திருப்பிச் சுடவே விடவில்லை. உள்ளறைகள் இருட்டு, டார்ச் வேண்டும்.

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மனைவி ஏற்கெனவே பயந்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரையில் நடந்ததைப் பார்த்தவன் நான். தண்ணீர் பின்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. சுனாமி என்ற வார்த்தையே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இங்கேயும் கரைக்கு அப்பால் கடலடியில் கேஸ்கேடியா என்ற நிலத்தட்டு விளிம்பு இருக்கிறது. அது கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1700 ஜனவரி 26 இரவு. ஜப்பானில் அந்த அலை ஏறியதை அங்குள்ளவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் இந்தத் தேதி கிடைத்தது. இங்கே வழியெல்லாம் நீல நிறப் பலகையில் எந்தப் பக்கம் தப்பி ஓட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். போனதும் முதல் வேலையாகக் குடும்பத்தோடு அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். தரை நீண்ட நேரம் ஆடினால் சைரனுக்கும் காருக்கும் காத்திருக்க வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேட்டுக்குப் போய்விடுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்துவிட்டுத்தான் டென்ட் அடிப்பேன். அதன்பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

உங்கள் நண்பர்கள் இடம் பதிவு செய்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அடுத்த வருஷம் நீங்களாகப் போவதென்றால் ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகள் உடனே போய்விடும். ஒரு இடத்தில் எட்டுப் பேர் வரைதான். மனைவிக்கு இந்த முறை டென்ட் பிடிக்காமல் போனால் யர்ட் என்று வட்டக் குடில்கள் உண்டு. கட்டில், விளக்கு, ஹீட்டர் எல்லாம் உள்ளே இருக்கும், சமையல் மட்டும் வெளியே. என் மனைவியின் அம்மா ஊரிலிருந்து வந்தபோது அதில்தான் தங்கினோம்.

டென்ட்டை இப்போது வாங்க வேண்டாம். எங்களுடைய ஆறு பேர் டென்ட் கராஜில் சும்மா இருக்கிறது, அடியில் விரிக்கும் மெத்தை மூன்றும் உண்டு, மகளின் பழைய சின்ன ஸ்லீப்பிங் பேக் உங்கள் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். நானும் ஹில்ஸ்பரோதான். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் மூன்று பேரும் வீட்டுக்கு வாருங்கள். புல்வெளியில் ஒருமுறை அடித்துக் காட்டுகிறேன், அதற்குள் உங்கள் மனைவி என் மனைவியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும்.