ஐபியு 48 என்றால் பிள்ளையின் இருமல் பொய்யா?

கேள்வி: எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பின்னால், செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் கழிவை எரிக்கிறார்கள். கண் எரிகிறது, சின்னவனுக்கு வீசிங். புகார் கொடுத்தோம், மறுநாள் மதியம் வந்த அதிகாரி "ஐபியு 48தான், காற்று நல்லா இருக்கு" என்று போனில் காற்று மாசுக் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமா?
- ஒரு வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: இல்லைம்மா. ராத்திரி எரிப்பதை மதியம் வந்து பார்ப்பது விசாரணையே ஆகாது.

அந்த 48 சரியான எண்ணாகவே இருக்கட்டும், அது உங்கள் வாசலில் எடுத்த அளவு கிடையாது. காற்றை அளக்கும் கருவி இருப்பது பக்கார் ஆராங்கில். அது பார்ப்பது நுண்துகள் இரண்டு வகை, சல்ஃபர் டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அவ்வளவுதான். பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. நுண்துகளையும் 24 மணி நேரச் சராசரியாகத்தான் எடுக்கிறார்கள், ஆக உங்கள் பிள்ளை இரண்டு மணி நேரம் மூச்சுமுட்டிக் கிடந்தது மீதி 22 மணி நேரத்தில் கரைந்து போகும். ராத்திரியில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் சூடான காற்று மூடி போட்டமாதிரி நின்றுவிடுவதால் புகை மேலே ஏறாமல் ஜன்னல் மட்டத்திலேயே படுத்துக்கொள்ளும். விடிந்து வெயில் ஏறினால் கலைந்துவிடும். அப்புறம் மதியம் வந்தவருக்கு என்ன தெரியும்?

2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்ததும் அது நம் மலேசியா பக்கம் திரும்பியது, தோட்டத்து ஓரங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. சிலாங்கூர் ஜெஞ்சாரோமில் ஊர்மக்களே இடம் இடமாகத் தேடிப் படம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஆலைகளுக்குப் பூட்டு விழுந்தது.

புக்கிட் மேராவையும் சொல்லவேண்டும். அங்கே பிரச்சினை கதிரியக்கம், உங்களுடையது புகை. ஆனால் ஊர் போராடிய விதம் உங்களுக்கு உதவும். ஈப்போ பக்கத்தில் 1982-இல் வந்த, அருமண் தாது பிரிக்கும் ஏசியன் ரேர் எர்த் ஆலை மீது 1985-இல் மக்கள் வழக்குப் போட்டார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் துணை நின்றது, அவர்களுக்காக வாதாடியவர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, மறு வருஷமே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது, என்றாலும் 1994-இல் ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. அத்தனை வருஷம் அந்த ஊர் சளைக்காமல் நின்றதற்குக் காரணம், கையில் கதிரியக்க அளவீடும் மருத்துவச் சான்றும் இருந்தன.

உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது? கோபம் மட்டும்தான், அது நியாயமான கோபம், ஆனால் கோப்பில் ஏறாது. ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, எந்தப் பக்கத்துக் காற்று, யாருக்கு என்ன ஆனது, எல்லாம் எழுதுங்கள். இருபது வீடு சேர்ந்து எழுதினால் அதை ஒருவரும் ஒதுக்க முடியாது. கிளினிக்குக்குப் போனால் வெறுமனே "வீசிங்" என்று சொல்லாதீர்கள், எத்தனை மணிக்கு எந்தப் புகைக்குப் பிறகு தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். நெருப்பு தெரிகிற நேரத்திலேயே 999-க்கு அடித்து தீயணைப்புப் படையான போம்பாவைக் கூப்பிடுங்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், போம்பா வந்து அணைத்தால் அது ஒரு பதிவு. சுற்றுச்சூழல் துறையில் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

ஒரு மாதம் எழுதிய பிறகு அந்த நோட்டைப் படம் எடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள். ஊர் பெயரோடு போடுகிறோம்.