சாய்ஸ் லிஸ்ட் போடும் முன்

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் மாணவிக்கு,

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கேட்பது என்று முடிவெடுக்க நீங்கள் போட்டு அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். 200க்கு 184 கட்-ஆஃப், நாற்பது கல்லூரிகள், கட்டணம், பிளேஸ்மென்ட், தூரம் என்று கட்டம் கட்டமாக நன்றாகவே போட்டிருக்கிறீர்கள். 'இன்னும் குழப்பமாத்தான் இருக்கு சார்' என்கிறீர்கள். இருக்கத்தான் செய்யும். ஷீட் வேண்டாததைக் கழிக்க உதவும். மிச்சம் நிற்கும் ஏழெட்டில் எது வேண்டும் என்று அது சொல்லாது.

ஒன்று கவனித்தீர்களா? ஷீட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நீங்கள் கொடுத்த மதிப்பெண்களை மூன்று முறை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். மூன்று முறையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறங்கி, எலெக்ட்ரிக்கல் மேலே வந்திருக்கிறது. கூட்டுத்தொகை பிடிக்காமல்தானே மாற்றினீர்கள்?

அதற்காக அலசுவதே வீண் என்று சொல்லமாட்டேன். வேலை தேடிய கல்லூரி மாணவர்களைப் பற்றி ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. ஆகச் சிறந்ததுதான் வேண்டும் என்று தேடியவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுக்குத்தான் திருப்தி குறைவு. 20 சதவீதம் சின்னத் தொகையில்லை, அதையும் மறக்க வேண்டாம்.

'மனசு சொல்றதைக் கேளு' என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் சித்தப்பா என்ன சொல்வாரோ என்று வயிற்றைப் பிசைவதும் மனசுதான். பயம் பாடத்தின் மேலா, சொந்தக்காரர்களின் மேலா என்று பிரித்துப் பாருங்கள். பாடத்தின் மேல் என்றால் சோதிக்க வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் எலெக்ட்ரிக்கல் பாடத்திட்டத்தை எடுங்கள். அதில் ஒரு பாடத்துக்கு யூடியூபில் என்பிடெல் வகுப்பு, அதாவது ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் பேராசிரியர்கள் எடுக்கும் வீடியோ பாடம், இருக்கும், இலவசம்தான். ஒரு மணி நேரம் பாருங்கள். புரியாமல் போவது பரவாயில்லை, அடுத்த வகுப்பைப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதுதான் விஷயம்.

அப்புறம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஹாஸ்டல் வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஷீட்டில் அது 'தூரம்' என்ற கட்டத்தில் ஐந்து மதிப்பெண்ணாகக் கிடக்கிறது. அது மதிப்பெண் போடுகிற சமாச்சாரமே இல்லை. முதலிலேயே அதை வைத்து வடிகட்டியிருக்க வேண்டும். லிஸ்டில் உள்ள, சென்னையின் தென்கோடியில் ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் கல்லூரிகளுக்கு ஒரு திங்கட்கிழமை காலை பெரம்பூரிலிருந்து கிளம்பிப் போய்விட்டு, சாயங்காலக் கூட்டத்தில் திரும்பி வந்து பாருங்கள். பாதி லிஸ்ட் தானாகக் காணாமல் போகும்.

சாய்ஸ் பதியும்போது ஒரு விஷயம். ரேங்க்படி உங்கள் முறை வரும்போது, நீங்கள் கொடுத்த வரிசையில் மேலிருந்து பார்த்து, முதலில் கிடைக்கும் இடத்தை ஒதுக்குவார்கள். அதனால் கிடைக்காதோ என்று பயந்து பிடித்ததைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டுக் கிடைக்காமல் போனாலும் அடுத்த சாய்ஸுக்கு நஷ்டமில்லை. லாக் செய்வதற்கு முன் அப்பாவையும் உட்காரவைத்து, லிஸ்டை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டிவிடுங்கள்.