க்ரீ நொதிக்கு இடம் எப்படித் தெரிகிறது?

கேள்வி: எலிகளில் மரபணுவை நீக்கப் பயன்படும் 'க்ரீ' நொதி, குறித்த இடத்தில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவது எப்படி? செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு கூட வேண்டாமாமே?

பதில்: ஆமாம், வேண்டாம். பி1 என்ற பாக்டீரியா வைரஸின் நொதி அது. அது தேடும் 'லாக்ஸ்-பி' தளத்தில் 34 டி.என்.ஏ. எழுத்துகள் (காரங்கள்): இரு ஓரமும் 13, நடுவில் 8. ஓரத்துக்கு ஒரு க்ரீ, கிடுக்கிபோல் டி.என்.ஏ.வைக் கவ்வும். இரு தளங்கள் சேர்ந்தால் நான்கு க்ரீ. ஒவ்வொன்றின் வால்முனையிலுள்ள சுருளும் பக்கத்து மூலக்கூறின் குழியில் செருகிக்கொள்கிறது. சூட்சுமமே இந்தச் செருகலில்தான். அதனால் நான்கில் ஒரு சமயத்தில் இரண்டு மட்டுமே வெட்டும். க்ரீயின் 324-ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம், டி.என்.ஏ. இழையின் பாஸ்பேட்டைத் தாக்கி, அறுந்த முனையைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிணைப்பின் ஆற்றல் அங்கேயே சேமிப்பில் இருப்பதால் ஒட்டுவதற்குத் தனிச் செலவில்லை. டி.என்.ஏ.வின் ஈரிழைகளில் முதலில் வெட்டிய இழைகள் இடம் மாறியதும் மற்ற இரண்டு க்ரீயின் முறை.

ஓரங்கள் ஒன்றுக்கொன்று தலைகீழ்ப் பிரதி. திசையைச் சொல்வது நடு 8 எழுத்தே. இரு தளங்களும் ஒரே திசையென்றால் இடைத்துண்டு வளையமாகக் கழலும். எதிரெதிர் என்றால் திரும்பி மட்டும் நிற்கும். மரபணு நீங்காவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். நடு எழுத்துகள் இரு தளங்களிலும் பொருந்தாவிட்டாலும் காரியம் பாதியில் நிற்கும்.