தங்கவயலில் மாமனார் வீடு இருக்கிறது. பெங்களூருவை விட்டு அங்கே குடிபோகலாமா?

கேள்வி நீளமாக இருந்தது, சாரம் இதுதான். கணவன் மனைவி இருவருக்கும் வைட்ஃபீல்டு பக்கம் வேலை. வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. மகள் ஆறாம் வகுப்பு. கோலார் தங்கவயலில் மாமனார் விட்டுச்சென்ற வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே குடியேறி ரயிலில் வேலைக்கு வந்து போகலாமா, இல்லை வீட்டை விற்றுவிடலாமா? சுரங்கம் மறுபடி திறக்கப்போவதாகச் சொல்கிறார்களே, அதற்காகக் காத்திருக்கலாமா?

நான் அந்த ஊர்க்காரன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் தொழிலாளர் வரிசை வீட்டில், ஊர் வழக்கில் லைன் வீட்டில், பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூரு கே.ஆர். புரத்துக்கு வந்துவிட்டேன். அம்மாவும் தம்பி குடும்பமும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே போனவன் கதையும் இருப்பவன் கதையும் எனக்குத் தெரியும். நேராகச் சொல்கிறேன்: நீங்கள் இருவரும் தினமும் ரயில் ஏற வேண்டும் என்றால் போகாதீர்கள். ஒருவராவது பகலில் ஊரில் இருக்க முடியும் என்றால் தாராளமாகப் போகலாம்.

முதலில் சுரங்கப் பேச்சை ஒதுக்கிவிடுவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது வரை அந்தப் பூமியிலிருந்து 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்தாகிவிட்டது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் இறங்கி வேலை செய்தார்கள். அவ்வளவு ஆழத்தில் கிடைத்த பாறையில் தங்கம் குறைந்துகொண்டே போனது, எடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. மூடிய பிறகு தண்ணீர் இறைப்பது நின்றது, ஷாஃப்டுகள், அதாவது ஆள் இறங்கும் செங்குத்துக் குழிகள், நிரம்பிவிட்டன. அவ்வளவு நீரையும் இறைத்து, கால் நூற்றாண்டாக ஊறிய சுரங்கத்தை மறுபடி பலப்படுத்தி ஆள் இறக்குவதற்குப் பணம் போடுபவர் யார்? என் பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் "சுரங்கம் திறக்கும்" என்று ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்தக் குரலும் அடங்கிவிடும்.

இப்போது பேசப்படுவது வேறு விஷயம். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது ஊரைச் சுற்றி நிற்கும் கழிவு மண் மேடுகளுக்கு. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய அரைத்த மண் அது, ஏறக்குறைய 3.3 கோடி டன். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடுவது திட்டம். நடந்தால் நல்லதுதான். ஆனால் மேட்டை வாரி இயந்திரத்தில் போடும் வேலைக்கு, ஒருகாலத்தில் சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கில் ஷிப்டுக்குப் போனார்களே, அப்படி ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள். அந்தச் செய்தியை நம்பி வீட்டை வைத்திருக்கவும் வேண்டாம், விலை ஏறும் என்று கனவு காணவும் வேண்டாம்.

அப்படியானால் ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது? ரயிலை வைத்து. 1894இல் தங்கச் சுரங்கத்துக்காகப் போட்ட பங்காரப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப் பாதைதான் இன்று எங்கள் ஊரின் பெரிய தொழிற்சாலை. விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு பெங்களூருவுக்குப் போகிறது. கட்டட மேஸ்திரி, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், துணிக்கடைப் பெண், ஐடி கம்பெனி காவலாளி, கணக்கர், பொறியாளர், எல்லாரும் அதில்தான்.

அந்த ரயிலை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பீர்கள். வேலை நாளில் பார்க்க வேண்டும். மாரிக்குப்பத்தில் ஏறுபவர்களுக்கு இருக்கை உண்டு. அவர்கள் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு கைக்குட்டையைப் போடுவார்கள். அது ஊரிகத்தில் ஏறும் தோழிக்கு. அந்தக் கைக்குட்டையைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. பங்காரப்பேட்டையில் ஒரு பெரும் கூட்டம் ஏறும். அதன் பிறகு மாலூர் வரை கால் மாற்றி நிற்கக்கூட இடமிருக்காது. சாயங்காலம் திரும்பும்போது அதே பெண்கள் மடியில் பையை விரித்து அவரைக்காய் நறுக்குவார்கள், பூக் கட்டுவார்கள். வீடு சேர்ந்தால் அடுப்பு மட்டும் பற்றவைத்தால் போதும் என்ற கணக்கு. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து "என்ன கலகலப்பு" என்று படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, ஒரு நாளில் சொந்தமாக அரைமணி நேரம்கூட இல்லாதவர்கள் ரயிலில் அதைத் திருடிக்கொள்வதுதான்.

வைட்ஃபீல்டு என்பது உங்களுக்குச் சாதகம். கண்டோன்மென்ட் வரை போகிறவர்களைவிட முன்னதாக இறங்கிவிடலாம். 2023இல் இருந்து காடுகோடி மெட்ரோவும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மாரிக்குப்பத்திலிருந்து ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதோடு வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ். போக வர எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தை மறந்துவிட வேண்டும். என் தம்பி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறான். அவன் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பா உண்டு. அந்தக் குடும்பம் இன்னும் உருப்படியாக இருப்பதற்குக் காரணம் தம்பி மனைவி வீட்டிலேயே தையல் வைத்திருப்பதும், அம்மா கூட இருப்பதும்தான். இருவருமே ரயில் ஏறும் வீடுகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே சாவி போட்டுத் திறந்து, தானே சாப்பிட்டு, இருட்டும்வரை தெருவில் நிற்கிறது. வாடகையில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு அது மிகவும் அதிக விலை.

கார் இருக்கிறது, புதிய பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை இருக்கிறது என்பீர்கள். பெங்களூருவை ஒட்டிய ஹொசகோட்டேயிலிருந்து நம் ஊர்ப் பக்கத்துப் பேத்தமங்கலம் வரை சாலை உண்மையிலேயே அருமை. பிரச்சினை ஹொசகோட்டேக்குப் பிறகு, பெங்களூருவுக்குள் நுழையும்போது ஆரம்பிக்கிறது. அது உங்களுக்கே தெரியும், தினமும் பார்க்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும் என்ற ஏற்பாடு இருந்தால் காரும் கட்டும், உடம்பும் தாங்கும். அதை வாய்ப்பேச்சாக நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன கம்பெனிகள் எத்தனை, ஒரே மின்னஞ்சலில் எல்லாரையும் திரும்ப அழைத்துக்கொண்டதை நாம் பார்க்கவில்லையா?

இனி வீடு. நீங்கள் சொல்லாமல் விட்டது இதைத்தான், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்: அந்த வீடு எங்கே இருக்கிறது? ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை பக்கம் பத்திரம் பதிந்த மனையா, அல்லது சுரங்க நிலத்தில் உள்ள லைன் வீடா? முந்தையது என்றால் வில்லங்கச் சான்றிதழும் நகரசபை கத்தாவும் (சொத்து வரிப் பதிவு) யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். மாமனாருக்கு எத்தனை வாரிசுகள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். லைன் வீடு என்றால் நிதானம் தேவை. அவை கம்பெனி தன் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டியவை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருப்பார்கள், கூடுதல் அறை இழுத்துக் கட்டியிருப்பார்கள், மின் கட்டண ரசீது தாத்தா பெயரில் இருக்கும். இவற்றில் எதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது. கையில் என்ன காகிதம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு கோலாரில் ஒரு சிவில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காட்டும்வரை அந்த வீட்டில் டைல்ஸ் ஒட்டுவதற்குக்கூடச் செலவு செய்யாதீர்கள்.

பகலில் ஒருவர் இருக்கக்கூடிய குடும்பத்துக்கு ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் சற்று சார்பாகத்தான் பேசுவேன். காற்று குளுமை. வீட்டில், கடையில், தெருவில் தமிழ் போதும். தமிழ்நாட்டுக் கட்சியின் வேட்பாளரைக் கர்நாடக சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. உங்கள் மகள் பெங்களூருவில் படித்ததால் கன்னடமும் அவளுக்குச் சிரமமில்லை. பள்ளிகளுக்குக் குறைவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல், குறிப்பாக நுழைவுத்தேர்வுப் பயிற்சி என்று வந்தால், மறுபடி பெங்களூருதான். மருத்துவமும் அப்படியே: காய்ச்சல், சர்க்கரைக்கு ஊரில் பார்க்கலாம்; நெஞ்சுவலி என்றால் கோலாருக்கோ பெங்களூருவுக்கோ ஓட வேண்டும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து, பெங்களூருவுக்கு முன்பே விளக்கு எரிந்த ஊர் என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையில் இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. டேங்கர் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தூசியைச் சொல்லாமல் விட்டால் என் அம்மா கோபிப்பார். மேலே சொன்ன கழிவு மேடுகளை ஊரில் சயனைட் மேடு என்போம். தங்கம் பிரிக்க சயனைட் பயன்படுத்தியதால் வந்த பெயர். மாவு போல நைசான சாம்பல் நிற மண். காற்றுக் காலத்தில் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். அம்மா ஈரத்துணியால் கட்டிலைத் துடைத்து, தண்ணீர்க் குடத்தை இரட்டைத் துணியால் மூடி, சோற்றுப் பானை மேல் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மேடுகளுக்கு அருகே உள்ள லைன்கள் வேண்டவே வேண்டாம். மேடுகளை வாரும் திட்டம் உண்மையிலேயே தொடங்கினால் தூசி நிலவரம் எப்படி இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

மாவட்டத்துக்குள்ளேயே வேலை தேடுவது என்பது பலர் நினைத்துப் பார்க்காத வழி. 1964இல் தொடங்கிய பெமல் (BEML) என்ற பொதுத்துறைக் கனரக இயந்திர ஆலை ஊரிலேயே இருக்கிறது, ஆனால் நிரந்தர வேலை அங்கே சுலபத்தில் கிடைக்காது. நரசாபுரம் தொழிற்பேட்டையில் ஹோண்டா இருக்கிறது. விஸ்ட்ரான் தொடங்கி இப்போது டாடா நடத்தும் ஐபோன் ஆலை இருக்கிறது. வேமகல் பக்கமும் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளம் பெங்களூரு அளவுக்கு இராது. ஆனால் கணக்கு, மனிதவளம், தரக்கட்டுப்பாடு என்று உங்கள் இருவரில் ஒருவருக்குப் பொருந்துமானால், குறைந்த சம்பளத்திலும் குடும்பம் சேர்ந்து சாப்பிடலாம். நானாக இருந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் இதைத்தான் முயன்று பார்ப்பேன்.

விற்பது பற்றி: உடனே வேண்டாம். காகிதம் சுத்தமாக இருந்தால் வாடகைக்கு விடுங்கள். வாடகை சொற்பம்தான், ஆனால் பூட்டிய வீட்டுக்கு ஓட்டையும் கரையானும்தான் குடிவரும். காகிதம் சுத்தமில்லை என்றால் யாரும் நியாயமான விலை தர மாட்டார்கள், அவசரப்பட்டு விற்பவர் நஷ்டப்படுவார்.

போவது என்று மனம் சாய்ந்தால், மகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் அந்த வீட்டில் தங்கிப் பாருங்கள். லீவு போட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கிருந்தே இருவரும் வேலைக்கு வாருங்கள். சீசன் டிக்கெட் எடுத்து, வைட்ஃபீல்டில் இறங்கி, நேரத்துக்கு ஆபீஸில் கைரேகை வைத்து, திரும்பி வந்து சமைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு மகளிடம் கேளுங்கள். அதற்குள் வழக்கறிஞரும் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வீடு எந்த லைன், எந்தத் தெரு என்று கருத்தில் எழுதினால், தம்பியிடம் விசாரித்து அங்கே தண்ணீர் எப்படி என்று சொல்கிறேன்.